சோடாபுட்டிக்கு ஒரு விடுதலைப் பத்திரம்

ஆனி பத்தாம் தேதி காலை ஏழரை மணிக்கு, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி இந்த மூக்கில் கண்ணாடி ஏறாது.

என் முகத்தைப் பார்த்து எடுத்த தீர்மானம் என்று சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் முகம் தெரியவில்லை. எதிரே மஞ்சளாக ஏதோ ஒன்று அசைந்தது. அதைப் பார்த்துத்தான் கையை ஓங்கிச் சபதம் செய்தேன். பிறகு தெரிந்தது, அது கொடியில் கிடந்த துண்டு.

என் பெயர் ஞானசம்பந்தம். தென்காசியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். வீடு இலஞ்சியில். நாலாம் வகுப்பில் கண்ணாடி போட்டேன். இப்போது பவர் மைனஸ் ஆறு. பத்திர மொழியில் சொன்னால், நெற்றிக்குத் தெற்கு, மேலுதட்டுக்கு வடக்கு, வலது காதுக்குக் கிழக்கு, இடது காதுக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய நிலம் முழுவதும் முப்பத்து மூன்று வருடங்களாகக் கண்ணாடியின் அனுபவத்தில் இருந்து வருகிறது. எனக்கு அதில் பாத்தியதை கிடையாது.

அது போகட்டும் என்றுதான் இருந்தேன். கெடுத்தவன் லிங்கேஸ்வரன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டதாம். ஆடி முதல் ஞாயிறு எல்லோரும் குற்றாலத்தில் கூட வேண்டுமாம். ஐந்தருவியில் குளியல், வாடகை வீட்டில் சாப்பாடு, குழுவாக ஒரு படம். வாட்ஸ்அப்பில் அதைச் சொன்னவன் அதோடு நிறுத்தாமல் பழைய வகுப்புப் படத்தையும் போட்டான். என் தலையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். கீழே, “ரெண்டு சோடாபுட்டிக்குப் பின்னால யாரோ ஒளிஞ்சிருக்கானே, யாருலே அது?”

நாற்பத்தோரு பொம்மைகள் கண்ணீர் விட்டுச் சிரித்தன. குழுவில் இருப்பதே முப்பத்தெட்டுப் பேர்தான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். கண்ணுக்குள் லென்ஸ். முகத்துக்கு விடுதலை.

தீர்மானத்துக்கு இரண்டாவது பிரிவு ஒன்றும் உண்டு. உமாவுக்குத் தெரியக் கூடாது.

உமா மகேஸ்வரி என் மனைவி. பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. நான் தும்மினால்கூட எந்த நரம்பு தூண்டப்பட்டது என்று சொல்லிவிட்டுத்தான் கைக்குட்டையைத் தருவாள். விக்கல் எடுத்தால் உதரவிதானம் வரைந்து பாகங்களைக் குறிப்பாள். இவளிடம் போய் “லென்ஸ் போடப் போகிறேன்” என்றால் எனக்குப் பாடம் நடக்கும். பாடம் முடிந்ததும் பரீட்சை நடக்கும். அதில் நான் தேற மாட்டேன்.

எனவே தென்காசி கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு, உமா வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். கண்ணைச் சோதித்தார்கள். லென்ஸ் கொடுத்தார்கள். பாஹிமா என்று ஒரு பெண் எதிரே உட்கார்ந்து விதிமுறைகளைச் சொன்னாள்.

“அண்ணாச்சி, லென்ஸைத் தொடுததுக்கு முன்னால கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். ஈரம் போகத் துடைக்கணும்.”

“தெரியும்மா.”

“கழட்டுனதும் இந்த சொல்யூஷனை விட்டுத் தேய்ச்சுக் கழுவி, சொல்யூஷன்லயே ஊற வைக்கணும். பைப் தண்ணி ஆகாது.”

“கேன் தண்ணி?”

“ஆகாது.”

“கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி?”

“எந்தத் தண்ணியும் ஆகாது அண்ணாச்சி.”

“தாமிரபரணித் தண்ணிகூடவா? புண்ணிய நதியாச்சேம்மா?”

“தண்ணிக்குள்ள இருக்க கிருமிக்குப் புண்ணியம் பாவம் எல்லாம் தெரியாது அண்ணாச்சி. டப்பாவுல பழசு மேலேயே புதுசை ஊத்தாதிய. கொட்டிட்டு ஊத்துங்க. டப்பாவையே மூணு மாசத்துக்கு ஒருக்க மாத்திரணும். லென்ஸோட தூங்கக்கூடாது. லென்ஸோட குளிக்கக்கூடாது.”

“அருவியில?”

“அருவியில நிக்கவே கூடாது. கண்ணு சிவந்தா போடக்கூடாது. வலிச்சா உடனே டாக்டர். எல்லாம் எழுதித் தரட்டுமா?”

“நான் பத்திரம் எழுதுதவன்மா. நாப்பது பக்கம் மனசுல நிக்கும்.”

கடையை விட்டு இறங்கும்போது மூன்றாவது படியில் எனக்கு மனதில் நின்றது அரை வரி. கண்ணாடி இல்லை!

கோயில் வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்தேன். தலையைத் திருப்பாமல் ஓரத்தில் போன ஆட்டோவையும் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் எனக்கு ஓரக்கண் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணாடிக்கு வெளியே இருந்த உலகம் முழுவதும் இதுவரை புறம்போக்காகக் கிடந்திருக்கிறது.

சரி, வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

அதற்கும் வழி வைத்திருந்தேன். என்னிடம் அதே மாதிரி பழைய ஃப்ரேம் ஒன்று இருந்தது. அதிலிருந்த கண்ணாடிகளைத் தட்டி எடுத்துவிட்டேன். கண்ணுக்குள் லென்ஸ், வெளியே வெறும் ஃப்ரேம். நிஜக் கண்ணாடியும் லென்ஸ் டப்பாவும் குளியலறை அலமாரியில் என் ஷேவிங் பெட்டிக்குள். அந்தப் பெட்டியை உமா தொடவே மாட்டாள். காலையில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெறும் ஃப்ரேமோடு வெளியே வருவேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் லென்ஸைக் கழற்றிவிட்டு நிஜக் கண்ணாடியோடு செய்தி பார்க்க உட்காருவேன். பார்ப்பவர்களுக்கு எப்போதும் நான் கண்ணாடி போட்ட ஞானசம்பந்தம். இப்படி ஒரு யோசனை வேறு யாருக்காவது வந்திருக்குமா?

முதல் நாளே உமா என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, இங்கன பாருங்க. உங்க கண்ணு ரெண்டும் பெரிசாயிட்டுதோ?”

மைனஸ் கண்ணாடிக்குப் பின்னால் என் கண்கள் இரண்டு மிளகு மாதிரி இருக்கும். இப்போது கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டன. இதை நான் யோசிக்கவில்லை.

“உன்னைப் பாக்குதேம்லா. ஆச்சரியத்துல விரிஞ்சிருக்கும்.”

“பதினாறு வருசமா விரியாதது இன்னைக்குத்தான் விரியுதாக்கும்?”

“ஆசைக்கு வருசக் கணக்கா?”

“சரி சரி, சாப்பிட வாங்க.”

ரசம் ஆவி பறந்தது. குனிந்து உறிஞ்சினேன்.

“ரசம் சூடா இல்லியோ?”

“நாக்கு வெந்துட்டு.”

“கண்ணாடியில புகை படியலையே?”

“அது… புது கோட்டிங்.”

“நல்ல கோட்டிங்தான்,” என்றாள். அதோடு விட்டுவிட்டாள். உமா ஒரு விஷயத்தை அப்படி விட்டதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

நாலாம் நாள் காலை. அவள் தோசை வார்க்கிறாள். நான் பேப்பர் படிக்கிறேன். கண் அரித்தது. விரலை விட்டுச் சுகமாகச் சொறிந்தேன். விரல் ஃப்ரேமின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது என்பது சொறிந்து முடித்த பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்தேன். உமா தோசைக் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தோசை கருகுதுல்லா?” என்றேன்.

“கருகட்டும்,” என்றாள்.

வேறொன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அன்றைக்கே சொல்யூஷன் பாட்டிலை மூடி போடாமல் வைத்துத் தட்டிவிட்டேன். முழுக்கக் குளியலறைத் தரைக்குப் போனது. என் வீட்டுத் தரைக்கு இனி கண் நோயே வராது. இன்னொன்று வாங்கப் போனால் பாஹிமா காரணம் கேட்பாள். சும்மா பைப்பைத் திறந்து டப்பாவை நிரப்பினேன். குற்றாலத்து மலையிலிருந்து வருகிற தண்ணீர். அதைவிடச் சுத்தமாக ஒரு கம்பெனி தயாரித்துவிடுமா?

கையைக் கழுவுவதும் ஒரு வாரத்தில் நின்றுபோனது. ஒரு நாள் வேலையிடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது இடது லென்ஸ் கழன்று பத்திரத்தில் ‘கிரயம்’ என்ற வார்த்தையின் மேல் விழுந்தது. ‘கி’ கொஞ்சம் சுருங்கித் தெரிந்தது. எடுத்து நாக்கில் ஒரு தடவு தடவி மாட்டிக்கொண்டேன். கட்டைவிரலில் ரேகை வைக்கிற மை வேறு. பத்திரம் எழுதக் காத்திருந்த பண்பொழி ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “நான் நாளைக்கு வாரேன்,” என்று எழுந்து போனார்.

என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் கண் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு சிவப்பு இல்லை, ஒரு உறுத்தல் இல்லை. எனக்கு அமைந்தது சாதாரணக் கண் இல்லை என்று முடிவு செய்தேன். விதிமுறை எல்லாம் பலவீனமான கண்காரர்களுக்கு.

இடையில் ஒரு சின்ன விஷயம். இலஞ்சி பஸ் நிறுத்தத்தில் உமாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, “அமீபா வருதுடி,” என்றாள். திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் வரவில்லை. இந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு என்னென்னவோ பெயர் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆடி முதல் ஞாயிறு வந்தது. சாரல் பிடித்திருந்தது. உமா என் பையை வாசல் வரை கொண்டுவந்து தந்தாள்.

“துண்டு, எண்ணெய், மாத்து வேட்டி எல்லாம் இருக்கு. அடியில ஒண்ணு வச்சிருக்கேன். குளிக்கதுக்கு முன்னால எடுத்துக்கிடுங்க.”

“என்னது?”

“பாத்தாத் தெரியும். ஏங்க, எங்கிட்ட எதும் சொல்லணுமா?”

“என்ன சொல்லணும்?”

“ஒண்ணுமில்ல. கண்ணு பத்திரம்.”

கை முறுக்காக இருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறியதும் வெறும் ஃப்ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். தலையைக் கோதினேன். குற்றாலத்தில் இறங்கி, மிடுக்காக அந்த வாடகை வீட்டுக்குள் நுழைந்தேன். வாசலில் லிங்கேஸ்வரன். தொப்பையும் வழுக்கையுமாக நின்றான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. இந்த நிமிடத்துக்காகத்தான் மூன்று வாரம் பாடுபட்டேன்.

“வாங்க அண்ணாச்சி,” என்றான். “சாப்பாடு பன்னிரண்டரைக்கு இறக்கிருவியல்லா?”

“சாப்பாடா?”

“நீங்க சமையல் கான்ட்ராக்ட்தான?”

“ஏலே, நாந்தாம்லே. ஞானம்.”

“எந்த ஞானம்?”

“ஞானசம்பந்தம்லே. மூணாவது பெஞ்சு.”

“மூணாவது பெஞ்சுல ஞானம்னு யாரு…” அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். உள்ளே இருந்து இன்னும் நாலு பேர் வந்து என்னைச் சுற்றி நின்று யோசித்தார்கள். ஒருவன் ஆதார் அட்டை இருக்கிறதா என்றான்.

வேறு வழியில்லை. “சோடாபுட்டி ஞானம்லே!” என்று நானே கத்தினேன்.

“அட, சோடாபுட்டி!” என்று முப்பத்தேழு பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். பட்டப்பெயரை ஒழிக்கப் போனவன் அதை ஊர் கூட்டி நானே பதிவு செய்து கொடுத்தேன்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஓரமாக நின்றேன். பாஹிமா சொன்னது மெல்ல நினைவு வந்தது. “வாலே, தண்ணியப் பாத்தா பயமா?” என்று லிங்கேஸ்வரன் தோளைப் பிடித்து இழுத்தான். ஒரு நிமிடம்தானே என்று தலையைக் கொடுத்தேன்.

குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழுந்தால் யாரோ நூறு பேர் சேர்ந்து தலையைத் தட்டுவது மாதிரி இருக்கும். ஆனந்தத்தில் கண்ணைத் திறந்தேன். வலது பக்கம் உலகம் கரைந்துபோனது. லென்ஸ் போய்விட்டது. இந்நேரம் அது சிற்றாற்றில் இறங்கி, தாமிரபரணியில் சேர்ந்து, புன்னைக்காயல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு கண் தெளிவு, ஒரு கண் பஞ்சு. தரை சாய்ந்தது. பக்கத்தில் நின்ற லிங்கேஸ்வரன் முதுகில் ஓங்கி ஒரு அறை கொடுத்து, “உன்னாலதாம்லே!” என்றேன். அவன் திரும்பி, “ஆராணு சேட்டா?” என்றான். லிங்கேஸ்வரனுக்கு மலையாளம் வராது.

மன்னிப்புக் கேட்டு நகர்ந்தேன். படம் எடுக்கிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். சத்தம் வந்த பக்கம் போய் வரிசையில் நின்று சிரித்தேன். எங்கள் வெள்ளிவிழாப் படத்தில் நான் இல்லை. புனலூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறேன்.

அருவிக் குளியல், பையைத் திறக்கச் சோம்பி யாரோ நீட்டிய துண்டில் துவட்டல், அதன் மேல் வயிறு நிறையச் சாப்பாடு. ஜமக்காளத்தில் சாய்ந்தவன் மிச்சமிருந்த இடது லென்ஸோடு இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டேன். விழித்தபோது கண்ணுக்குள் ஒரு லாரி மணல் இறக்கியிருந்தார்கள். விரலில் ஒட்டிய சாப்பாட்டு எண்ணெயை வேட்டியில் துடைத்துவிட்டு லென்ஸைப் பிய்த்து எடுத்து, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். இப்போது இரண்டு கண்ணும் பஞ்சு. நண்பன் ஒருவன் வண்டியில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டான்.

வெறும் ஃப்ரேமை மாட்டிக்கொண்டு நேரே ஷேவிங் பெட்டிக்குப் போனேன். லென்ஸை டப்பாவுக்குள் திணித்தேன். பெட்டியைத் தடவினேன். நிஜக் கண்ணாடியைக் காணோம்! சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

“உமா, ரொம்பக் களைப்பா இருக்கு. படுக்கப் போறேன்.”

“பிரிட்ஜுகிட்ட ஏன் சொல்லுதிய? நான் இங்கன இருக்கேன்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

திங்கள் காலை இடது கண் திறக்கவில்லை. விரலால் பிரித்தால் ஜன்னல் வெளிச்சம் ஊசி மாதிரி இறங்கியது. உமா காப்பியோடு வந்தாள்.

“கண்ணுல என்ன?”

“மெட்ராஸ் ஐ. குற்றாலத்துல கூட்டம்லா.”

“இலஞ்சிக்காரருக்குக் குற்றாலத்துல மெட்ராஸ் ஐ வருதாக்கும்?”

“சென்னைக்காரங்க வந்திருந்தாங்க.”

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நான் “ஆ!” என்று கத்தினேன்.

“வெளிச்சத்தைப் பாத்தா வலிக்குதா?”

“ரொம்ப.”

“மங்கலாத் தெரியுதா?”

“எனக்கு எப்பவுமே மங்கல்தான.”

“விளையாடாதிய. லென்ஸை எப்பக் கழட்டுனிய?”

“எந்த லென்ஸ்?”

நான் படுக்கையிலும் அந்த ஃப்ரேமை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஆள்காட்டி விரலை நீட்டினாள். அது ஃப்ரேமுக்குள் புகுந்து வந்து என் புருவத்தைத் தொட்டது.

“இதுல இல்லாத லென்ஸ்.”

பத்திரம் எழுதுகிறவனுக்குத் தெரியும், எப்போது கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று.

“நேத்து மத்தியானம். தூங்கி எந்திச்சு.”

“அருவிக்குப் பொறகா?”

“ஆமா.”

“எந்திரிங்க,” என்றாள். பள்ளிக்கு விடுப்புச் சொன்னாள். கால் மணி நேரத்தில் தென்காசியில் கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் அபர்ணா கண்ணில் மஞ்சளாக ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நான் எப்படி எழுதுவேன்? சர்வே எண்ணில் ஒரு மூன்று எட்டாகிவிட்டால் ஒரு குடும்பமே கோர்ட்டுக்கு அலையும். கையை நீட்டி உமாவின் கையைத் தேடினேன். கிடைத்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

“கருவிழியில சின்னதாப் புண்ணு,” என்றார் டாக்டர். “ஓரத்துல இருக்கு. நடுவுல வந்திருந்தா பார்வையே போயிருக்கும். இன்னும் ரெண்டு நாள் மெட்ராஸ் ஐன்னு சொல்லிக்கிட்டு வீட்டுல இருந்திருந்தா நடுவுக்கு வந்திருக்கும். என்ன கிருமின்னு பாக்கணும். லென்ஸ், டப்பா எதுவும் இருக்கா?”

உமா கைப்பையிலிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே என் டப்பா. மேலே ஒரு சீட்டு ஒட்டி, தேதி போட்டு, ‘இடது கண், அருவிக்குப் பின்’ என்று எழுதியிருந்ததை டாக்டர் வாய்விட்டுப் படித்தார்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். “தினமும் எதுல ஊற வச்சீங்க?”

“பைப் தண்ணியில.”

“எவ்வளவு நாளா?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா? அப்படின்னா எப்பவோ இங்க வந்திருக்கணுமே!”

“என் கண்ணு கொஞ்சம் உறுதி டாக்டர்,” என்றேன் அடக்கமாக.

உமா தொண்டையைச் செருமினாள்.

“அவங்க ராத்திரி சாப்பிட்டுட்டு செய்தி பாக்கப் போயிருவாங்க டாக்டர். நான் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, லென்ஸைத் தேய்ச்சுக் கழுவி, சொல்யூஷன் ஊத்தி வச்சிருவேன். தினமும். டப்பாவையும் கழுவிருவேன்.”

நான் நாற்காலியில் சற்று இறங்கி உட்கார்ந்தேன்.

“முத நாளு தண்ணியை மட்டும் கொட்டல. ஸ்கூலுக்குக் கொண்டு போயி மைக்ராஸ்கோப்புல வச்சேன். பதினொண்ணாம் வகுப்புக்கு அன்னைக்கு அந்தப் பாடம்தான்.” போனை எடுத்து டாக்டருக்குக் காட்டிவிட்டு என் மூக்குக்கு அருகில் நீட்டினாள். திரையில், ஓரம் உடைந்த அப்பளம் மாதிரி ஒன்று மெல்ல மெல்லக் கையை நீட்டி நகர்ந்துகொண்டிருந்தது.

“நல்லா வந்திருக்கே!” என்றார் டாக்டர்.

“பிள்ளைங்க எல்லாரும் படம் வரைஞ்சு பத்துக்குப் பத்து வாங்கிட்டாங்க.”

பஸ் நிறுத்தத்தில் வந்த அமீபா யார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“இவ்வளவு தெரிஞ்சவங்க இவரை அருவிக்கு எப்படி விட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

உமா தலையைக் குனிந்தாள். “நேராவே சொல்லியிருக்கணும். என் தப்புதான். கண்ணாடியைத் துண்டுக்கு அடியில வச்சு அனுப்பினேன். பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு புரிஞ்சு, கழட்டிருவாங்கன்னு நெனச்சேன். பையைத் திறந்து பாக்காத ஆளுன்னு தெரியாமப் போச்சு.”

பையிலிருந்தது முறுக்கு இல்லை. ஒரு நாள் முழுக்க நான் குற்றாலத்தில் குருடனாக அலைந்தபோது, மைனஸ் ஆறு என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சொட்டு மருந்து ஒரு மணிக்கு ஒரு தடவை. இரண்டு நாளில் மறுபடி காட்ட வேண்டும். டாக்டர் சொல்லும்வரை லென்ஸ் கிடையாது.

இரண்டு நாளில் வலி குறைந்தது. புண் சுருங்குகிறது என்றார் டாக்டர். பத்து நாளில் ஆறிவிடுமாம், பார்வைக்குப் பழுதில்லையாம். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் படுத்தேன். உமா மணி பார்த்து வந்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். புதுத் துண்டில் துடைத்தாள். என் இமையைப் பிரித்து ஒரு சொட்டு விட்டாள். கண்ணை மூடிக் கிடக்கும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“உமா, தினமும் சொல்யூஷன் ஊத்துனேன்னு சொன்னியே. எந்தக் கடையில வாங்குன?”

“வாங்கல. வீட்டுல இருந்தது.”

“வீட்டுலயா? யாருது?”

“என்னுது.”

கண்ணைத் திறந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் கையை மறுபடி கழுவித் துடைத்து வந்து குனிந்து, கண்ணாடி பார்க்காமலே, ஒரு விரலால் தன் கண்ணிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பொட்டைச் சரிசெய்வது மாதிரி அவ்வளவு சுலபமாக.

“மைனஸ் மூணு. காலேஜ் படிக்கையில இருந்து போடுதேன்.”

“பதினாறு வருசமா எங்கிட்டச் சொல்லலையே!”

“சொல்லக்கூடாதுன்னு இல்லங்க. கல்யாணத்தப்ப அம்மா சொல்லாதன்னா. பொறகு, நீங்களாக் கவனிச்சுக் கேப்பியன்னு பாத்தேன். நீங்க கேக்கல. வருசம் ஓடிட்டு.”

“ஒரு தடவைகூடக் கண்ணு புண்ணானதில்லையா?”

“ரூல்படி போட்டா எதுக்கு ஆகுது? கையைக் கழுவுவேன். தூங்கையில கழட்டுவேன். அருவிக்குப் போகையில போடவே மாட்டேன்.”

“குற்றாலத்துக்குப் போனா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நடப்பியே…”

“படி தெரியாதுல்லா.”

நான் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். மனதைத் தேற்றிக்கொண்டேன். கைதானே போனது. மனது இருக்கிறதே. எத்தனையோ வரன் வந்தும் என்னைப் பார்த்ததும் சரி என்றவள்தானே இவள்.

“அதெல்லாம் போகட்டும் உமா. நான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, லென்ஸ் போட்டு என்னை நல்லாப் பாத்துட்டுத்தான சம்மதிச்ச?”

அவள் லென்ஸைத் தன் டப்பாவில் ஊறப் போட்டுவிட்டு மறுபடி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கா? தூசி விழுந்து காலையிலேயே கண்ணு லேசாச் சிவந்திருந்தது. சிவந்தா போடக்கூடாதுல்லா, அதனால போடல. அந்த ஒரு நாளு மட்டும் ரூலை மீறியிருக்கலாம்னு இப்பத் தோணுதுங்க.”